பத்துக்கு ஆறரை

மாம்பழக்கூழ் ஆலையில் என் வேலை
மார்க் போடுவது.
ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் தடவி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
இனிப்பு எத்தனை என்று கோடு சொல்லும்.
பெங்களூரா, பதினாலு.
நிறம் சரி. நார் கொஞ்சம். கரும்புள்ளி இரண்டு.
"நல்லா இருக்கு" என்று எழுத
அந்தத் தாளில் இடமே கிடையாது.

சீசன் முடிந்த ஆவணியிலும்
கை சும்மா இருப்பதில்லை.
பழையபேட்டை மாடி வீட்டில்
தவணைக்கு வாங்கிய பெட்டியை டிவியில் சொருகி
புதுசாய் வரும் விளையாட்டையெல்லாம் ஆடி
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
மார்க் போட்டு வைக்கிறேன்.

வாள்சண்டைக்கு ஏழு.
வாள் காற்றைக் கிழிக்கும் அதிர்வு
தோள்பட்டை வரை ஏறுகிறது.
ஆனால் அந்த ராஜ்ஜியம் முழுக்க
நாலே முகம்.
மீன்காரியைக் கொன்றவனைத் தேடி
ஏழு கோட்டை தாண்டிப் போனால்
அவனுக்கும் மீன்காரியின் மூக்கு.

தோட்டம் போடும் விளையாட்டில்
விதைத்த மூன்றாம் நாள் மாங்காய்.
ஒட்டுக்கன்றே மூணு வருஷம் கேட்கும் ஊர் இது.
சிரித்துவிட்டு மூட நினைத்தேன்.
பால்காரன் மணி அடிக்கும்போது
இருநூறாவது மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
அதற்கு என்ன மார்க் என்று
இன்னும் எழுதவில்லை.

அப்புறம் அந்த லாரி விளையாட்டு.
எட்டரை என்று எழுதி மை காயவில்லை,
என் வீட்டுக்காரன் திம்மராயன் வந்து நின்றான்.
நாக்பூரில் கிரானைட் இறக்கிவிட்டு
நாலு நாள் தாடியோடு.
குளிக்கக்கூடப் போகாமல்
"கொடு பாக்கலாம்" என்றான்.

ஏதோ பனி நாட்டுக் கணவாய்.
வளைவுகள் மட்டும் தொப்பூர் மாதிரியே.
உச்சியிலேயே ரெண்டாம் கியர் போட்டான்.
இருபதுக்கு மேல் முள் ஏறவில்லை.
பின்னால் ஆரன் மேல் ஆரன்.
திரையில் சிவப்பெழுத்து:
தாமதம். சரக்கின் மதிப்பு குறைகிறது.
அவன் அதைப் படிக்கவே இல்லை.
பக்கத்துக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்,
பின்னால் வருகிறவன் எப்படி வருகிறான் என்று.

ஒரு கீறல் இல்லாமல் அடிவாரம் சேர்ந்தான்.
தோல்வி என்றது விளையாட்டு.
நேற்று அதே இறக்கத்தில்
டாப் கியரில் உருண்டு
மூணு காரையும் ஒரு பாலத்தையும் இடித்து
நாலு நட்சத்திரம் வாங்கியவள் நான்.

"பிரேக் கருகற வாடை இல்லியே" என்றான்.
குறையாகச் சொன்னானா
நிம்மதியாகச் சொன்னானா
எனக்குப் பிடிபடவில்லை.

மழை ராத்திரியைப் போட்டுக் காட்டினேன்.
சொட்டுகள் கண்ணாடியில் விழுந்து, தயங்கி,
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வழிந்தன.
வைப்பர் எட்டாத மூலையில்
பிறை மாதிரி அழுக்கு.
அதைத் தொட்டுக் காட்டினான்.
"இத வரைஞ்சவன் வண்டியில உக்காந்திருக்கான்.
எறக்கம் போட்டவன் வேற ஆளு."

வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான்.
மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
ஓட்டுங்கள், என்றது திரை.
பத்து நொடிக்கு ஒருமுறை
ஓட்டுங்கள், ஓட்டுங்கள்.
"செத்த சும்மா இரேன்" என்றான்
என்னிடமல்ல.
அப்படியே தூங்கியும் போனான்,
கையில் அந்தக் கருவி
கட்டை விரலோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

எட்டரையை அடித்தேன்.
ஆறு.
மழைக்குத் தனியாக அரை.

அடுத்த நடைக்கு அவன் கிளம்பிப் போனபின்
பால் பாக்கி பார்க்க நோட்டைத் திருப்பினால்
என் மார்க்குக்குக் கீழே
லாரி ரசீதில் எழுதும் அதே கோணல் எழுத்து:
டீக்கடை ஒண்ணுகூட இல்ல.